வேலை முடித்த டீசல் லாரி இன்ஜினில் ஆயில் பிரஷர் குறைவா? தேட வேண்டிய இடமும் வரிசையும்

முழு வேலை (ஓவர்ஹால், அதாவது பிரித்துப் புதுப்பிப்பது) பார்த்து ஏற்றிய இன்ஜினில் பிரஷர் முள் ஏறவில்லை என்றதும் பலருக்குக் கை முதலில் போவது ஆயில் பம்பின் மேல்தான். புது பம்ப் மாட்டினால் முள் அரைக்கோடு ஏறும், ஆயில் சூடானதும் பழையபடி இறங்கிவிடும். பம்ப் ஆயிலைத் தள்ளும், அதோடு அதன் வேலை முடிந்தது. தள்ளிய ஆயில் சுலபமாக வெளியேற வழியில்லாமல் மெயின் கேலரியில் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் முதன்மைப் பாதை) முட்டி நிற்பதுதான் பிரஷர். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: பம்புக்கு ஆயில் தடையில்லாமல் வருகிறதா? வந்த ஆயில் எந்த ஓட்டை வழியாக அளவுக்கு மீறி ஓடுகிறது? வேலை முடித்த இன்ஜினில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். அந்த ஓட்டை தேய்மானத்தால் வந்ததாக இருப்பதைவிட, பூட்டும்போது விடுபட்ட பிளக்காகவோ, மாறிப்போன பேரிங்காகவோ, நசுங்கிய ஓ-ரிங்காகவோ இருப்பதே அதிகம்.

ஸ்டார்ட் ஆகி 15 விநாடிக்குள் பிரஷர் காட்டவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் ஓடினால் ஏறிவிடும் என்று ரேஸ் பண்ணிப் பார்ப்பது புது பேரிங்கைத் தின்றுவிடும்.

முதலில் முள்ளைச் சந்தேகியுங்கள்

டேஷ்போர்டு கேஜை நம்பி சம்பைக் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றாதீர்கள். சென்டரை (பிரஷரை அளந்து கேஜுக்குத் தெரிவிக்கும் சென்சார்) கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜை ஹோஸோடு மாட்டுங்கள். ஒற்றை ஒயர் சென்டர்களுக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாக. வேலை முடித்துப் பூட்டும்போது மரை முழுக்க டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் எர்த் கெட்டு முள் தப்பாகக் காட்டும். வேறு மாடலின் சென்டர் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

கேஜ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் பிடித்தால் வரும் எண் வேறு, ஃபில்டரைத் தாண்டி மெயின் கேலரியில் பிடித்தால் வரும் எண் வேறு. பேரிங்குக்குப் போய்ச் சேரும் பிரஷர் கேலரியில்தான் தெரியும். இரண்டு இடத்திலும் துளை இருந்தால் இரண்டிலும் அளந்துவிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தடை ஃபில்டரிலோ ஆயில் கூலரிலோ இருக்கிறது.

அளவு எடுக்கும்போது ஆயிலின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 80 டிகிரி காட்டும் நேரத்தில் சம்பில் ஆயில் 50 டிகிரியில்கூட இருக்கலாம். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். எனவே ஆயில் 90 டிகிரியைத் தாண்டிய பின் ஐடிலிலும் முழு ஆர்பிஎம்மிலும் எடுத்த எண்களை மட்டும் வைத்துப் பேசுங்கள். உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு அடையாளத்துக்கு, கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டர் இன்ஜினுக்குச் சூடான ஐடிலில் குறைந்தது 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ, அதாவது 2.1 பார். ஐடிலில் 1 பார் காட்டுகிறதே என்று பதறி, நன்றாக இருக்கும் இன்ஜினைப் பிரிப்பதும் நடக்கிறது.

முள் போகும் போக்கு

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 4 பார், சூடானதும் ஐடிலில் அரை பார், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நன்றாக ஏறுகிறது என்றால், கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) அதிகம், அல்லது எங்கோ உள்கசிவு, அல்லது ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூடக்கூட இறங்கினால் அல்லது ஆடினால் சக்‌ஷன் பக்கம் பாருங்கள்: ஸ்ட்ரெய்னர் (ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை) அடைப்பு, சக்‌ஷன் பைப்பில் காற்று, அல்லது மேலே போன ஆயில் சம்புக்குத் திரும்பி வராமல் தேங்குவது. ஹெட்டிலிருந்து ஆயில் இறங்கும் துளைகளை கேஸ்கெட்டோ சீலண்டோ மறைத்திருந்தால் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிய பிறகுதான் முள் விழும். எந்த வேகத்திலும் ஒரே எண்ணில், உதாரணமாக 2 பாரில், முள் ஆணி அடித்தது போல நின்றால் ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) குறைந்த பிரஷரிலேயே திறந்துவிடுகிறது, பெரும்பாலும் ஸ்பிரிங் மாறியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே பூஜ்யம் என்றால் பிரைமிங் ஆகவில்லை (பம்பிலும் பாதையிலும் ஆயில் நிரம்பவில்லை), பம்ப் சுற்றவில்லை, அல்லது ஒரு கேலரி பிளக்கே இல்லை.

ஒரு எச்சரிக்கை. கேலரியைத் தாண்டி பேரிங்குக்குப் போகும் பாதை அடைத்திருந்தால் முள் இறங்காது, ஏறக்கூடும். பிளாக் பக்கம் போட வேண்டிய துளையுள்ள மெயின் ஷெல்லை (கிராங்கைத் தாங்கும் பேரிங்கின் ஒரு பாதி) கேப் பக்கம் மாற்றிப் போட்டால் அந்த ஜர்னலுக்கும் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) அதோடு சேர்ந்த கனெக்டிங் ராடுக்கும் ஆயிலே போகாது, கேஜ் மட்டும் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். கேம் புஷ்ஷின் (கேம் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்) துளை பிளாக்கின் துளைக்கு நேராக உட்காராமல் போனாலும் அப்படித்தான்: பிரஷர் இருக்கும், ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) வறண்டு கிடக்கும். ராக்கர் கவரைத் திறந்து எல்லா ராக்கரிலும் ஆயில் வருகிறதா என்று பார்ப்பதை, பிரஷர் சரியாக இருந்தாலும் விடாதீர்கள்.

சம்பைக் கழற்றாமல் பார்க்க முடிந்தவை

டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பாருங்கள். வேலையின்போது சம்போ டிப்ஸ்டிக் குழாயோ வேறு மாடலிலிருந்து வந்திருந்தால் அந்தக் கோட்டை நம்ப முடியாது. ஆயிலை முழுக்க இறக்கி, மேனுவல் சொல்லும் லிட்டரை அளந்து ஊற்றி, ஃபில்டர் நிறையும்படி இன்ஜினைச் சுற்றிவிட்டு, கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் கெடுதல்தான்: கிராங்கின் வெயிட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையை பம்ப் செய்தால் முள் நடுங்கும்.

ஊற்றாமலே ஆயில் அளவு ஏறினால் டீசல் இறங்குகிறது. புது வேலையில் இது அரிதல்ல: இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைன் ராக்கர் கவருக்குள் ஒழுகும், ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், ஃப்யூல் பம்பின் முன் சீல் விட்டிருக்கும். ஒரு சொட்டு ஆயிலை டிஷ்யூ பேப்பரில் விட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி வெளியே நிறமில்லாத ஈர வளையமும் விரிந்தால் டீசல் கலந்திருக்கிறது. சில சதவீதம் கலந்தாலே ஆயிலின் கெட்டித்தன்மை குறைந்துவிடும், பேரிங் சரியாக இருந்தும் சூட்டில் முள் விழும். பால் காபி நிறம் என்றால் தண்ணீர், அதன் வழி ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ-ரிங், ஆயில் கூலர்.

ரிலீஃப் வால்வு பல இன்ஜின்களில் வெளியிலிருந்தே கழற்ற முடிகிற இடத்தில், ஃபில்டர் ஹெட்டிலோ பிளாக்கின் பக்கவாட்டிலோ இருக்கும். பிளஞ்சரை எடுத்துத் துடைத்து, ஆயில் தடவி, துளையில் விட்டால் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பிடித்தால் பிசிர் இருக்கிறது, அல்லது பிளாக்கைக் கழுவாமல் விட்ட ஒரு உலோகத் துகள் உள்ளே சிக்கியிருக்கிறது. உட்காரும் சீட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஸ்பிரிங்கின் நீளத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு பிரஷரை ஏற்றும் கைவேலை இங்கே உதவாது. சூடான ஐடிலில் 0.5 பாரில் அந்த வால்வு ஏற்கெனவே மூடியிருக்கிறது, மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? குளிர்ந்த ஆயிலில் ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் எல்லை மீறி ஃபில்டரும் கூலரும் பிதுங்குவதுதான் மிச்சம்.

ஃபில்டரைக் கழற்றி, ஹாக்ஸா வைக்காமல் ஃபில்டர் கட்டரால் வெட்டித் திறங்கள். ஹாக்ஸா போடும் தூளே உங்களைக் குழப்பிவிடும். காகித மடிப்பை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு; கியர், ரிங், லைனரிலிருந்து வரலாம், புது இன்ஜினில் கொஞ்சம் இருக்கும். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்தில் மின்னும் செதில் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடி அடுக்கு தெரிய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்த பின் மற்றச் சோதனைகளை விட்டுவிட்டு நேரே பேரிங்குக்குப் போங்கள்.

ஆரம்பத்திலிருந்தே பூஜ்யம் என்றால் பிரைமிங்கைச் செய்து பார்க்காமல் எதையும் பிரிக்காதீர்கள். வறண்ட கியர் பம்ப் காற்றை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயிலை இழுக்காது. பூட்டுவதற்கு முன் பம்பின் கியர்களுக்கு நடுவில் பெட்ரோலியம் ஜெல்லி அடைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. இப்போது செய்ய வேண்டியது: ஃபில்டரை ஆயிலால் நிரப்பி மாட்டி, டர்போவின் ஆயில் துளையில் ஊற்றி, கேலரி துளை வழியாக அழுத்தத்தோடு ஆயிலை ஏற்றி, டீசலை நிறுத்தி வைத்து, ஸ்டார்ட்டரை ஒரு முறைக்கு 30 விநாடிக்கு மேல் போகாமல் சுற்றுங்கள். நடுவே இரண்டு நிமிடம் ஸ்டார்ட்டர் ஆறட்டும்.

சம்ப் இறங்கிய பின்

சம்பை இறக்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒரு தந்திரம் இருக்கிறது. சக்‌ஷன் பைப்பின் ஃபிளாஞ்ச் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும் இன்ஜின்களில், அந்த இணைப்பு மூழ்கும் அளவுக்குக் கூடுதலாகச் சில லிட்டர் ஊற்றி, ஐடிலில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மட்டும் ஓட்டிப் பாருங்கள். முள் சட்டென்று நிலைத்தால் காற்று அந்த இணைப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. கூடுதல் ஆயிலை உடனே இறக்கிவிடுங்கள், அதோடு ரேஸ் பண்ணாதீர்கள்.

சம்ப் இறங்கியதும் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். சம்ப் கேஸ்கெட்டுக்குத் தாராளமாகப் பிழிந்த சிலிகான் உள்பக்கம் புழுபோலப் பிதுங்கி, அறுந்து, வலையில் வந்து படிந்திருக்கும். துடைத்த துணியின் நூலும் அதோடு சேரும். சக்‌ஷன் பைப்பின் ஓ-ரிங்கை எடுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், தாங்கு கிளாம்ப் பற்றவைத்த இடத்தில் முடிக்கோடு விரிசல் இருக்கிறதா என்று பைப்பின் ஒரு வாயை அடைத்து, டீசலில் முக்கி, மறுவாயில் லேசாகக் காற்று கொடுங்கள். ஸ்ட்ரெய்னர் சம்பின் அடியில் ஒட்டிக்கொள்கிறதா என்று அறிய அதன் வாயில் களிமண் உருண்டையை வைத்து, சம்பை கேஸ்கெட்டோடு பூட்டிக் கழற்றினால் நசுங்கிய களிமண்ணின் தடிமன் இடைவெளியைச் சொல்லிவிடும். அடி நசுங்கிய சம்பில் இந்த இடைவெளி சில மில்லிமீட்டருக்குச் சுருங்கிப்போயிருப்பதுண்டு.

இப்போது அசல் சோதனை. இதை ஒழுங்காகச் செய்தால் ஊகம் எல்லாம் ஓய்ந்துவிடும். அடியில் வெளிவாய் உள்ள ஒரு பிரஷர் டேங்கில், இன்ஜினுக்குப் போடும் அதே சுத்தமான ஆயிலை ஊற்றி, காற்றால் 2 முதல் 3 பார் கொடுத்து, ஹோஸை மெயின் கேலரியில் மாட்டுங்கள். ஆயில் தீர்ந்து காற்று போய்விடாமல் டேங்கில் எப்போதும் அளவு இருக்கட்டும். கீழே படுத்து, டார்ச் பிடித்து, எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். சரியான கிளியரன்ஸ் உள்ள பேரிங்கின் ஓரத்திலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாகவோ மெல்லிய இழையாகவோ விழும். கெட்டது குழாய்போல ஊற்றும். தனியாக எண் எதுவும் தேவையில்லை, ஏழு மெயின் பேரிங்கில் ஒன்று மட்டும் மற்ற ஆறிலிருந்து மாறி நிற்பது கண்ணுக்கே தெரியும். கிராங்கின் துளைகள் சில கோணங்களில் மட்டும் ஷெல்லின் துளைக்கு நேராக வரும், கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். ஆகவே கம்பி போட்டுக் கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றியபடி கவனியுங்கள்.

எல்லா பேரிங்கும் ஒரே மாதிரி அதிகமாக ஒழுகினால் ஷெல் சைஸ், கிராங்க் கிரைண்டிங், லைன் போரிங் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பேரிங்குகள் சொட்டிக்கொண்டிருக்க, முன்னால் டைமிங் கியர் பக்கமிருந்தோ பின்னால் ஃப்ளைவீல் ஹவுசிங் பக்கமிருந்தோ வெள்ளம்போல வந்தால் கேலரி பிளக். பிளாக்கைக் கழுவுவதற்காகக் கழற்றிய பிளக்கைத் திருப்பிப் போட மறப்பது அடிக்கடி நடக்கும். கியர் கேசுக்கு உள்ளே இருக்கும் பிளக் என்றால் ஆயில் வெளியே சிந்தாது, நேரே சம்புக்குள் விழும், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கிராங்கிலேயே ஜர்னல் துளைகளை அடைக்கும் மரை பிளக்கோ குண்டோ உள்ள மாடல்களில், கிரைண்டிங் முடித்துத் துளையைச் சுத்தம் செய்த பின் அதைப் போடாமல் அனுப்பிவிட்டால் ஒரு ராடின் பக்கமிருந்து மட்டும் பீய்ச்சியடிக்கும்.

பிஸ்டன் கூலிங் ஜெட் (பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சும் சிறு குழல்) தனியாகக் கவனிக்க வேண்டியது. பல இன்ஜின்களில் ஜெட்டுக்குள் ஒரு சிறு வால்வு இருக்கும், கேலரியில் குறிப்பிட்ட பிரஷர் வந்த பிறகுதான் அது திறக்கும், ஐடிலில் மூடியிருக்கும். வால்வு இல்லாத ஜெட்டை மாற்றிப் போட்டாலோ, ஒன்றில் தூசி சிக்கி வால்வு திறந்தபடி நின்றாலோ, ஐடிலில் கிடைக்க வேண்டிய பிரஷர் பிஸ்டனுக்கு அடியில் மழையாகப் பெய்து தீரும். ஒரு ஜெட்டே விடுபட்டிருந்தால் அந்தத் துளை முழுக்கத் திறந்திருக்கும்.

கிளியரன்ஸ் கணக்கு

பேரிங் ஓரமாக வெளியேறும் ஆயில், கிளியரன்ஸின் மூன்றாம் அடுக்கில் கூடும். 0.08 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.12 இருந்தால் அளவு ஒன்றரை மடங்குதான், ஒழுகலோ மூன்று மடங்குக்கு மேல். சில நூறில் ஒரு மில்லிமீட்டரை அலட்சியம் செய்ய முடியாதது இதனால்தான். பொதுவான பட்டறைக் கணக்கில் ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 80 மி.மீ. ஜர்னலுக்கு 0.08 மி.மீ. அளவில் கிளியரன்ஸ் இருக்கும். கடைசிச் சொல் மேனுவலுடையது.

கேப்பைக் கழற்றியதும் ஷெல்லின் முதுகைத் திருப்பிப் படியுங்கள். 0.25 அண்டர்சைஸுக்கு (ஜர்னல் விட்டம் 0.25 மி.மீ. குறையும்படி) கிரைண்ட் செய்த கிராங்கில் ஸ்டாண்டர்ட் ஷெல் போட்டால் கிளியரன்ஸ் அப்படியே 0.25 மி.மீ. கூடிவிடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது போதாது, ஒவ்வொரு ஷெல்லையும் பார்க்க வேண்டும். ஒரு செட்டுக்குள் ஒரு ஜோடி மட்டும் மாறியிருக்கலாம்.

கேப்பைக் கழற்றிய இடத்திலேயே அளக்க பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் கிளியரன்ஸைச் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும். பச்சை இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை, சிவப்பு 0.05 முதல் 0.15 வரை, நீலம் 0.10 முதல் 0.23 வரை அளக்கும். ஆயிலைத் துடைத்து, இழையை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்கி, கிராங்கை அசைக்காமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் வண்டியில் இருக்கும்போது மெயினை அளந்தால் கிராங்க் தன் கனத்தில் கேப்பின் மேல் உட்கார்ந்திருக்கும், இழை பொய் சொல்லும். பக்கத்து வெயிட்டுக்கு அடியில் சிறு ஜாக் கொடுத்துக் கிராங்கை மேல் ஷெல்லோடு அண்டக்கொடுத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

பிளாஸ்டிகேஜ் அதிகம் காட்டினால் காரணத்தைப் பிரித்தறிய மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வேண்டும். ஜர்னலை இரண்டு திசையில், இரண்டு முனையில் அளந்தால் நீள்வட்டமும் சரிவும் தெரியும். ஷெல்லை எடுத்துவிட்டு, கேப்பை மட்டும் டார்க் செய்து ஹவுசிங் போரை மூன்று திசையில் அளங்கள். ஒரு முறை பேரிங் ஷெல் தன் இடத்திலிருந்து சுற்றிவிட்ட பிளாக்கிலும் ராடிலும் ஹவுசிங் விரிந்திருக்கும். அதில் எத்தனை புது ஷெல் போட்டாலும் கிளியரன்ஸ் அடங்காது. கேப்பின் எண் மாறியிருக்கிறதா, திசை திரும்பியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கிராங்குக்குக் காட்டிய அக்கறையைக் கேம் புஷ்ஷுக்குக் காட்டாமல் விடுவது வேலை முடித்த இன்ஜின்களின் பழைய வியாதி. மெயினும் ராடும் புதிது, கேம் புஷ் பழையதே என்றால் அது ஓயாமல் ஒழுகும். ஐட்லர் கியர் புஷ், ஏர் கம்ப்ரஸரின் பேரிங், ராக்கர் ஷாஃப்டின் இரு முனைப் பிளக்குகள் எல்லாம் அதே கேலரியிலிருந்து குடிப்பவை. கம்ப்ரஸரின் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஐடிலில் ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய ஓட்டம் இயல்பு, பைப் நிறைய வந்தால் கம்ப்ரஸரைப் பிரியுங்கள். சோதனைக்காக டர்போவின் ஆயில் லைனை மட்டும் அடைக்கவே கூடாது. சில நொடியில் அதன் பேரிங் போய்விடும்.

பம்பை இத்தனைக்கும் பிறகு பார்த்தால் போதும். கவரைக் கழற்றி, ஸ்ட்ரெய்ட் எட்ஜை உடம்பின் மேல் வைத்து, கியரின் முகத்துக்கும் அதற்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். கவரில் கியர் சுற்றிய பள்ளம் தெரிந்தால், அல்லது வெறும் உலோகமாக உட்கார வேண்டிய கவருக்குக் கையால் வெட்டிய கேஸ்கெட் போட்டிருந்தால், முனைக் கிளியரன்ஸ் கூடி, சூட்டில் பம்ப் தன் ஆயிலைத் தனக்குள்ளேயே சுற்றவிடும். பம்ப் கியரின் பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்றும் எண்ணிவிடுங்கள், வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பம்புகளுக்குப் பல் வித்தியாசப்படலாம்.

20டபிள்யூ-50 ஊற்றிச் சமாளிப்பது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. முள் ஏறும், ஒழுகும் பேரிங் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் டர்போவுக்கு ஆயில் தாமதமாகப் போகும்.

பேரிங் கெட்டிருந்தால் ஆயில் கூலரையும் அதோடு கணக்கில் சேருங்கள். அதன் மடிப்புகளுக்குள் தங்கும் உலோகத் துகளைக் கழுவி முழுக்க எடுக்க முடியாது, மாற்றுவதே பத்திரம். பிறகு புது ஃபில்டரை நிரப்பி, டேங்கால் கேலரியை மறுபடி நிரப்பி, ராக்கரில் ஆயில் தெரியும் வரை கம்பியால் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். மெக்கானிக்கல் கேஜ் இன்னும் சில நாள் மாட்டியே இருக்கட்டும். ஆயில் 90 டிகிரி தாண்டியதும் ஐடில் எண்ணையும் முழு வேக எண்ணையும் தேதியோடு எழுதுங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் அதே சூட்டில் மறுபடி எழுதுங்கள். இரண்டாவது எண் இறங்கியிருந்தால் அன்றைக்கே ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.